சேகரிப்பு எண் 41

லா பாஸில் அரசுப் பல்கலைக்கழகம்.
கட்டணம் அநேகமாக இல்லை,
நுண்ணோக்கியும் அநேகமாக இல்லை:
நான்கு பேருக்கு ஒன்று.
என் முறை வருவதற்குள் பூ வாடிவிடும்.
வாடிய பூவிலும் மகரந்தத்தாள் எண்ணலாம்,
எச்சில் தொட்டு விரித்தால் போதும்
என்று கண்டுபிடித்தவன் செவேரோ உவராச்சி.

விடிகாலையில் எல் ஆல்ட்டோ மினிபஸ்ஸின்
கதவில் தொங்கி நிறுத்தங்களைக் கூவுகிறவன்.
தாவரக் குடும்பங்களையும் அப்படித்தான் நெட்டுருப் போடுவான்:
ஆஸ்டரேசியே ஆஸ்டரேசியே,
ஃபேபேசியே உட்கார இடமிருக்கு,
சொலனேசியே இறங்குறவங்க முன்னால வாங்க.
உருளைக்கிழங்கும் தக்காளியும்
மூட்டையோடு இறங்கிப் போவது
எனக்குத் தெரியும்.

இனங்காணும் திறவுகோல்
எதையும் இரண்டிரண்டாகத்தான் கேட்கும்.
இலை தனியா, கூட்டா?
தனி என்றால் நான்குக்குப் போ.
சூற்பை மேலா, கீழா?
கீழ் என்றால் பதினேழு.
எங்கள் வீட்டில் யாரும் எதையும்
இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.
"செடியைப் படிச்சு என்ன பண்ணப் போறே, சுலேமா?"
இதற்கு
எந்த எண்ணுக்கும் போக வழியில்லை.

மே மாதம் வேலைநிறுத்தம். முப்பத்தாறு நாள்.
வாசலில் வெடிச்சத்தம்.
உள்ளே, தாள் மாற்ற ஆளில்லாமல்
அழுத்துபலகைகளில் எங்கள் செடிகள்.
திறந்தபோது பாதி பூசணம்.
மீதியில் செய்தித்தாளின் மை ஏறியிருந்தது.
ஒரு மஞ்சள் இதழின்மேல்
இடவலம் மாறிய எழுத்தில்
"பேச்சுவார்த்தை தோல்வி".
அதையும் அட்டையில் ஒட்டினோம்.
வேறு இல்லை.

நவம்பரில் மேட்டுநிலம்.
நாலாயிரத்து ஐந்நூறு மீட்டரில் பேருந்து நின்றுபோனது.
பேராசிரியை தெர்ராசாஸ் ஓட்டுநரோடு
எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார்.
நான் ஒரு பாறையில் உட்கார்ந்தேன்.
"எழுந்திரு" என்றான் செவேரோ.
பாறை பச்சையாக இருந்தது.
கட்டைவிரலால் அழுத்தினேன்,
விரல்தான் வலித்தது.

யாரேட்டா.
லென்ஸை வைத்துக் குப்புறப் படுத்தேன்.
கடுகளவு பூ, குடைபோல் கொத்து,
ஐந்து இதழ், கீழ்ச்சூற்பை.
பதினேழு. இருபத்து மூன்று. முப்பது.
கொத்தமல்லிக் குடும்பம்!
சத்தமாகச் சிரித்துவிட்டேன்,
அந்த உயரத்தில் சிரித்தால் மூச்சு முட்டும்.
சூப்பில் கிள்ளிப் போடும் தழைக்கு
கட்டில் அகலத்தில் இப்படி ஒரு சொந்தம்.

செவேரோ டேப்பை இழுத்தான்.
நடுவிலிருந்து விளிம்புக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர்.
ஆண்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர்.
விரல் விட்டு எண்ணத் தேவையில்லை,
ஆனாலும் எண்ணினான்.
"அறுநூறு."
கொஞ்ச நேரம் கழித்து:
"இந்த அளவு எங்க வீட்டுல
ஒரு குளிர்காலத்துக்கு மூணு.
பிசின் இருக்கும். நல்லா எரியும்."

கையளவு வெட்டி எடுத்தோம், அனுமதிக் கடிதத்தோடு.
அழுத்துபலகையில் அது அழுந்தவில்லை.
திருகை இறுக்க இறுக்கப்
பலகைதான் வளைந்தது.
கடைசியில் ஒரு செருப்பு டப்பாவில் வைத்தோம்.

சேகரித்தவர்: சு. அபாசா. எண் 41.
இடம், உயரம், மண், சரிவின் திசை.
பயன் என்ற இடத்தை
எப்போதும் காலியாக விடுவோம்.
செவேரோ பேனாவைக் கேட்டான்.
விறகு என்று எழுதினான்.
அடித்தான்.
பக்கத்திலேயே மறுபடி எழுதினான்:
விறகு. உவராச்சி வீட்டில், நான் ஆறாவது படிக்கும்வரை.

அலமாரி ஒன்பது, கீழ்த்தட்டு.
மூடியைத் திறந்தால்
இன்னும் பிசின் வாசம் வருகிறது.
ரொட்டி வாசம் என்கிறான் அவன்.
முகர்ந்து பார்த்தேன்.
எனக்குப் பிசின்தான்.